ஏறினோர் கணக்கும் இடாப்பின் சான்றும்

முன்னுரை

நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலைக்கு ஏறும் பருவம் டிசெம்பர் மாதத்துப் பூரணையோடு தொடங்கி, மே மாதத்து வெசாக் பூரணையோடு முடியும். அப்பருவத்து நள்ளிரவொன்றில் அடிவாரத்துக் கடைவீதியில் நின்று, தன் கண்ணுக்குத் தோன்றும் மாந்தரை மட்டும் எண்ணிய ஒருவன், "இங்கு மலையேறினார் ஒருவருமிலர், யாவரும் அடிவாரத்திலேயே நிற்கின்றனர்" என முடிவு கட்டுவானாயின் நாம் நகைப்போம். விடியற்காலையில் உச்சியில் நின்று எண்ணிய மற்றொருவன், "வந்தவர் யாவரும் ஏறிவிட்டனர்" என்பானாயின் அதற்கும் நகைப்போம். இருவரும் எண்ணிய எண்ணிற் பிழையில்லை. எண்ணுதற்கு நின்ற இடமே பிழை. மெய்க்கணக்கு வேண்டுவோன், மாலையில் அடிவாரம் வந்து சேர்ந்தோர் அனைவரையும் எழுதிக்கொண்டு, அவருள் இன்னார் உச்சியை அடைந்தார், இன்னார் இடைவழியில் தங்கினார், இன்னார் புறப்படவேயில்லை என ஒவ்வொருவரையும் தொடர்ந்து காணல் வேண்டும்.

நம் சமூகத்தின் ஏற்றத்தை அளக்கப் புகும்போது, அவ்விருவர் செய்த பிழைகளையே நாமும் செய்து வருகின்றோம். அப்பிழைகளைக் காட்டுவதும், அவற்றை நீக்குதற்கு அண்மைக் காலத்தில் ஆக்கப்பெற்ற கணினிப் படக் கருவிகள் கற்பிக்கும் பாடம் யாது என விளக்குவதும், அப்பாடத்தை நம் கல்லூரி மேற்கொள்ளும் வழியைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

ஒரு தந்தையின் வினா

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் மாணவன் ஒருவன் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் நன்கு சித்தியெய்தினான். அவனை உயர்தர வகுப்பிற் சேர்க்குமாறு வேண்டுதற்பொருட்டு, ஒரு மாலைப்பொழுதில் அவன் குடும்பத்தார் வாழும் லயத்துக்குச் சென்றேன். மலையில் வேலை முடித்து வந்திருந்த தந்தையார், என்னை அன்போடு இருத்தித் தேநீர் தந்தார். நான் கூறியன யாவற்றையும் பொறுமையாய்க் கேட்டபின், "மாஸ்டர், இந்த லயத்துல படிச்சுப் பெரிய ஆளா வந்த ஒருத்தனக் காட்டுங்க. அப்புறம் நான் யோசிக்கிறேன்" என்றார்.

அந்த லயத்தின் காம்பராக்களை ஒவ்வொன்றாக மனத்தில் எண்ணிப் பார்த்தேன். காட்டுதற்கு ஒருவருமில்லை. விடையின்றி எழுந்து வந்தேன். மாணவன் அடுத்த மாதமே கொழும்பிற் கடையொன்றில் வேலைக்குச் சென்றுவிட்டான்.

வீடு திரும்பும் வழியிலேதான் விடை தோன்றிற்று. அந்த லயத்திற் பிறந்து படித்து உயர்ந்தோர் இல்லாமலில்லை. உயர்ந்தபின் அந்த லயத்தில் இருப்போர்தாம் இல்லை. ஆசிரிய நியமனம் பெற்றவர் பட்டினத்தில் வீடு கொண்டார். தாதியானவர் மணமுடித்து வேறூர் சென்றார். எழுதுவினைஞரானவர் கொழும்பிற் குடியேறினார். ஏற்றத்துக்குச் சான்றாக நிற்க வேண்டியவரே, ஏறிய காரணத்தால் கண்ணுக்கு மறைந்து போகின்றனர். நானே அதற்கோர் எடுத்துக்காட்டு. லயத்திற் பிறந்து, இக்கல்லூரியிற் கற்று, கொட்டகலை அரசினர் ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்று, இன்று கடைவீதிக்கு அண்மையில் வாடகை வீட்டில் வாழும் நான், நான் பிறந்த லயத்துச் சிறுவருக்குப் பெயரளவிலும் அறிமுகமில்லாதவன்.

அத்தந்தையார் கேட்ட வினா நேர்மையானது. அதற்கு விடை சொல்லத்தக்க படமொன்று என் கையில் இல்லாமையே குறை. அதன்பின்னரே இத்துறை நூல்களையும் கருவிகளையும் தேடிக் கற்கலானேன்.

சமூக அசைவியக்கம் யாது?

ஒருவரோ ஒரு குடும்பமோ சமூகப் படிகளில் மேலே ஏறுவதையும் கீழே இறங்குவதையும் சமூக அசைவியக்கம் என்பர். பிதிரிம் சொரோக்கின் என்னும் சமூகவியலறிஞர் 1927இல் இப்பொருள் பற்றித் தனிநூல் இயற்றினார். ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இடையே நிகழும் மாற்றமே ஈண்டு நம் ஆராய்ச்சிக்குரியது.

இதனை அளக்கும் முறைகள் இரண்டு. முதலாவது, பிள்ளை தன் பெற்றோரினும் மிகுதியாக உழைக்கின்றதா என நோக்குவது. அமெரிக்க நாட்டில் 1940இற் பிறந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர் தம் பெற்றோரினும் மிகுதியாக உழைத்தனர் என்றும், 1980களிற் பிறந்தோருள் ஏறத்தாழ 50 பேரே அங்ஙனம் உழைக்கின்றனர் என்றும் ஆராய்ந்து கண்டுள்ளனர். இம்முறையிற் பண மதிப்பின் மாற்றத்தைக் கழித்தே கணக்கிடல் வேண்டும். நம் தோட்டங்களில் 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா. 2024இல் 1,350 ரூபா. எண்களை மட்டும் நோக்குவோர் இதனை ஏற்றம் என்பர். 2022 செப்டெம்பரிற் கொழும்பு விலைச் சுட்டெண் ஓராண்டில் நூற்றுக்கு 70 அளவு உயர்ந்ததை அறிந்தவரோ அங்ஙனம் கூறத் துணியார்.

இரண்டாவது முறை ஒப்புநிலை அளவை. பெற்றோரின் வருமானப்படி பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அவ்வரிசையை நூறு படிகளாகப் பகுத்துக்கொள்க. அப்பிள்ளைகள் வளர்ந்தபின், அவரவர் தம் வருமானப்படி மீண்டும் ஒருமுறை நிறுத்துக. 25ஆம் படியிற் பிறந்த பிள்ளை இரண்டாம் வரிசையில் எந்தப் படியில் நிற்கின்றது என்பதே வினா. அது 25ஆம் படியிலேயே நிற்குமாயின் பிறப்பே விதியாயிற்று எனக் கொள்க. சராசரியில் 50ஆம் படியை எட்டுமாயின் பிறந்த வீடு தடையாகவில்லை எனக் கொள்க. பண மதிப்பு மாறினும் வரிசை மாறாதாகலின், காலங்கடந்து ஒப்புநோக்குதற்கு இவ்வளவை உதவும்.

வாய்ப்பு நிலப்படம்

இவ்வளவையை நாடு முழுவதற்கும் படமாக வரைந்து காட்டும் கருவிகளுள் முதன்மையானது 2018 ஒக்டோபரில் வெளிவந்த 'ஒப்பர்சூனிற்றி அற்லஸ்'. இதனை 'வாய்ப்பு நிலப்படம்' எனத் தமிழில் வழங்கலாம். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வுக் குழுவொன்று அமெரிக்கக் குடிமதிப்புப் பணியகத்தோடு கூடி இதனை ஆக்கிற்று. குழுவின் முதல்வர் பொருளியற் பேராசிரியர் இராஜ் செட்டி. 1979இற் புதுதில்லியிற் பிறந்து, ஒன்பது வயதில் அமெரிக்கா சென்றவர். தமிழ்நாட்டில் வளர்ந்த தாயாரின் புதல்வர். நதானியல் ஹென்றன், ஜோன் பிரீட்மன் என்போரும் பணியகத்து ஆய்வாளரும் அவரோடு உழைத்தனர்.

1978 முதல் 1983 வரை பிறந்த ஏறத்தாழ 2 கோடி அமெரிக்கரின் பெயர் நீக்கிய குடிமதிப்புப் பதிவுகளையும் வரிப் பதிவுகளையும் அவர்கள் இணைத்தனர். அப்பிள்ளைகள் முப்பதுகளின் நடுவயதை எய்திய 2014, 2015ஆம் ஆண்டுகளில் எவ்வளவு உழைத்தனர் எனக் கண்டனர். நாட்டை ஏறத்தாழ 70,000 சிறு பகுதிகளாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம் தீட்டினர். ஒரு பகுதி ஏறத்தாழ 4,000 மக்கள் வாழும் அயல். ஏற்றம் மிக்க அயல் நீலம். குன்றிய அயல் சிவப்பு. பெற்றோரின் வருமான நிலை, இனம், பால் என்பவற்றை மாற்றி மாற்றித் தெரிவு செய்தால், படமும் அதற்கேற்ப மாறும். கணினியோ கைபேசியோ உடைய எவரும் கட்டணமின்றி இதனைப் பார்க்கலாம்.

இக்கருவியின் சிறப்பு நிறங்களில் இல்லை. ஒரு பிள்ளையை எந்த அயலின் கணக்கில் எழுதுவது என்ற வினாவுக்கு அது தரும் விடையிலேயே உள்ளது. வளர்ந்த பின் அவர் குடியிருக்கும் இடத்தில் அவரை எழுதாது, அவர் வளர்ந்த இடத்திலேயே எழுதுகின்றனர். குழந்தைப் பருவத்தை ஈரிடங்களிற் கழித்தாராயின், ஆங்காங்கு வாழ்ந்த கால அளவுக்கேற்ப இரண்டிடத்தும் பங்கிட்டு எழுதுகின்றனர். ஆகவே, வறிய அயலொன்றிற் பிறந்து பெருநகர் சென்று மருத்துவராகிய ஒருவர் அப்பெருநகரின் பெருமையாகக் கணக்கில் வாரார். தம்மை வளர்த்த அயலின் பெருமையாகவே வருவார். உயராது பின்தங்கியவரும் அவ்வாறே தாம் வளர்ந்த அயலின் கணக்கில் வருவர். அடிவாரத்தில் எழுதிய பெயரை உச்சிவரை தொடர்ந்து காணும் முறை இதுவேயாம்.

இம்முறையாற் புலப்பட்ட உண்மைகள் சிலவற்றைக் கூறுதல் தகும். அண்டை அயல்களுக்கிடையேயும் வாய்ப்பு மிகவும் வேறுபடும். லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து வாற்ஸ் பகுதியில், மிக வறிய குடும்பங்களில் வளர்ந்த கறுப்பின ஆடவருள் நூற்றுக்கு 44 பேர் 2010 ஏப்ரில் முதலாந் திகதியன்று சிறையில் இருந்தனர். அங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள கொம்ப்ரனில் வளர்ந்த அத்தகையோருள் அவ்வெண் 6 அளவே. மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறம் தீட்டியிருப்பின் இவ்வேறுபாடு மறைந்தே போயிருக்கும்.

வயதும் பொருட்டாகும். 1990களில் அமெரிக்க அரசாங்கம் வறிய குடும்பங்கள் சிலவற்றுக்கு வறுமை குறைந்த அயல்களிற் குடியேற உதவிற்று. 13 வயதுக்கு முன்னர் அங்ஙனம் குடிபெயர்ந்த பிள்ளைகள், இருபதுகளின் நடுவயதில், ஏனையோரினும் நூற்றுக்கு 31 அளவு மிகுதியாக உழைத்தனர். வயது கடந்து பெயர்ந்தோர் அந்நன்மையைப் பெறவில்லை. நட்பின் பயனையும் இக்குழுவினர் ஆராய்ந்தனர். முகநூலில் உள்ள 7 கோடிக்கு மேற்பட்டோரின் நட்புத் தொடர்புகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட கட்டுரைகளில், வறியோரும் வசதியுடையோரும் நட்புக்கொண்டு பழகும் ஊர்களிலேயே வறிய பிள்ளைகளின் ஏற்றம் மிகுகின்றது எனக் காட்டினர். தோட்டப் பிள்ளையும் பட்டினத்துப் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்து கற்ற கல்லூரியின் பழைய மாணவருக்கு இம்முடிவு புதுமையாகத் தோன்றாது.

மலையகக் கணக்கின் குறை

இனி நம் நாட்டுக் கணக்கை நோக்குவோம். இலங்கைத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாகப் பகுக்கின்றது. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும், அங்கேயே வதியும் தொழிலாளர் பத்துப் பேருக்குக் குறையாத தொகையும் உடைய பெருந்தோட்டங்களே தோட்டத்துறை. 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி வறியோர் தொகை நகரத்தில் நூற்றுக்கு 6.0, கிராமத்தில் 15.0, தோட்டத்தில் 33.8. நாடு முழுவதற்கும் 14.3. இவ்வெண்கள் தோட்டங்களில் இன்று வாழ்வோரின் துயரை உள்ளவாறு காட்டுவன. உதவி யாருக்கு வேண்டும் என அறிவதற்கு இவை இன்றியமையாதவை.

ஆயின், இவ்வெண்களைக் கொண்டு "தோட்டத்திற் பிறந்தோர் ஏறவில்லை" என ஒருவர் வாதிப்பாராயின், அது நள்ளிரவில் அடிவாரத்தில் நின்றவன் வாதமாகும். ஏனெனில், தோட்டத்திற் பிறந்து ஹட்டன் நகரில் வீடு கட்டியவர் நகரத்துறையில் எண்ணப்படுகின்றார். அயற்கிராமத்திற் காணி வாங்கியவர் கிராமத்துறையில் எண்ணப்படுகின்றார். ஏறுவோர் யாவரும் கணக்கிலிருந்து நீங்க, தோட்டத்தின் எண் என்றும் தாழ்ந்தே நிற்கும். ஆண்டுதோறும் பாதிப்பேர் ஏறிச் சென்றாலும் அவ்வெண் அசையாதிருக்கக் கூடும். ஒருவரும் ஏறாவிடினும் அசையாதிருக்கக் கூடும். இவ்விரு நிலைகளையும் பிரித்தறிய அவ்வெண்ணால் இயலாது.

இனப்பெயரைக் கொண்டு தொடரலாமோ எனின் அதுவும் அரிது. 1971இன் தொகைமதிப்பில் இந்தியத் தமிழர் எனப் பதியப்பெற்றோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 75 ஆயிரம். 1981இல் ஏறத்தாழ 8 இலட்சத்து 18 ஆயிரம். இக்குறைவின் பெரும்பகுதி, 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30இற் செய்யப்பெற்ற சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவு. அவ்வொப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இன் உடன்படிக்கை இரு பாதியாக்கிற்று. அங்ஙனம் சென்றோருட் பலர் நீலகிரியிற் கோத்தகிரி, கூடலூர் முதலிய இடங்களில் மீண்டும் கொழுந்தெடுக்கும் தொழிலையே மேற்கொண்டனர். தாயகம் திரும்பியோருக்கு வேலை தருதற்பொருட்டுத் தமிழ்நாடு அரசு 1968இல் அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. தமையன் நல்லதண்ணியிலும் தம்பி கூடலூரிலுமாகப் பிரிந்த குடும்பத்தின் ஏற்றத்தை எந்நாட்டு இடாப்பில் எழுதுவது? மற்றும், இங்கு எஞ்சியோருள்ளும் தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்தோர் பலர். அவ்வாறு பதிந்தோர் மீது குறை கூறுதல் தகாது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் உரிமை இழந்து, 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருந்த மக்கள், பெயரால் வரும் இடரை நன்கு அறிந்தவர்கள். ஆயினும், பெயர் மாறியோர் கணக்கில் மறைந்தனர் என்பது உண்மையே.

ஒரு கற்பனைக் கணக்கு

இவ்விடத்து மாணவர் தெளிவு பெறுதற்பொருட்டு ஒரு சிறு கணக்கை முன்வைக்கின்றேன். இஃது எந்தப் பாடசாலையின் கணக்குமன்று, முழுதும் கற்பனை.

ஒரு வகுப்பில் 40 மாணவர் சேர்ந்தனர். அவருள் 30 பேர் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள். 10 பேர் கடைக்காரர், எழுதுவினைஞர் முதலிய ஏனையோரின் பிள்ளைகள். முப்பது ஆண்டுகளின் பின்னர் அவர்தம் நிலை வருமாறு:

தொழிலாளர் பிள்ளைகள் 30 பேர்: தோட்டத் தொழில் 15, நகரக் கூலித்தொழில் 8, உத்தியோகம் 5, சொந்த வணிகம் 2.

ஏனையோர் பிள்ளைகள் 10 பேர்: தோட்டத் தொழில் 1, நகரக் கூலித்தொழில் 3, உத்தியோகம் 5, சொந்த வணிகம் 1.

இவ்வொரு கணக்கை மூவர் மூவிடத்தில் நின்று பார்ப்பாராக. முதலாமவர் இன்று தோட்டத்தில் உள்ள 16 பேரை மட்டும் கண்டு, "இவருள் 15 பேர் தொழிலாளர் பிள்ளைகள், தகப்பன் தொழிலை விட்டு ஒருவரும் அகலவில்லை" என்பார். இரண்டாமவர் உத்தியோகம் பார்க்கும் 10 பேரை மட்டும் விழாவுக்கு அழைத்து, "இவருட் சரிபாதியினர் தொழிலாளர் பிள்ளைகள், நம் பாடசாலையிற் பிறப்பு வேற்றுமை ஒழிந்தது" என்பார். மூன்றாமவரோ சேர்விடாப்பைத் திறந்து 40 பேரையும் தொடர்வார். "தொழிலாளர் பிள்ளைகளுட் பாதிப்பேர் தோட்டத் தொழிலை விட்டு நீங்கினர். ஆயின் நீங்கிய 15 பேரில் 8 பேர் நகரக் கூலித்தொழிலையே அடைந்தனர். உத்தியோகம் எய்தும் வாய்ப்பு, தொழிலாளர் பிள்ளைக்கு ஆறில் ஒன்று, ஏனையோர் பிள்ளைக்கு இரண்டில் ஒன்று" என்பார்.

முதலாமவர் கூற்று நம்பிக்கையைக் கெடுக்கும். இரண்டாமவர் கூற்று வீண்பெருமை தரும். மூன்றாமவர் கூற்றே செய்யத்தக்கது யாது என உணர்த்தும். முதலாமவர் கூற்றைக் கேட்டுக் கேட்டே அத்தந்தையார் தம் மகனைக் கடைக்கு அனுப்பினார். இரண்டாமவர் கூற்றைக் கூறுவோர் யாரெனின், வெட்கத்தோடு சொல்ல வேண்டியுளது: நாமே. விழா மலர்கள் தோறும் மருத்துவர், பொறியியலாளர், அதிபர், சட்டத்தரணி எனப் புகழ்பெற்ற பழைய மாணவரின் நிழற்படங்களை நிரைப்படுத்துகின்றோம். பரீட்சைக்கு முன்னரே இடைவிலகியவர், கடையிற் சிற்றாளாய்ச் சென்றவர், பிரட்டுக்களத்துக்கே மீண்டவர் ஆகியோர் அம்மலர்களில் இடம்பெறுவதில்லை. அவரும் நம் இடாப்பில் எழுதப்பெற்றவரே.

படம் வரைவோர் மேற்கூறிய கணக்கை ஆறுபோல் வரைவதுண்டு. இடப்புறம் தந்தையர் தொழில், வலப்புறம் பிள்ளைகள் தொழில். இடையே ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஓடைகள் கிளைத்துச் செல்லும். ஓடையின் அகலம் ஆட்களின் தொகைக்கு அளவானது. எழுத்தறியாப் பெற்றோரும் அப்படத்தை நோக்கிய மாத்திரத்தில் விளங்கிக்கொள்வர். அதனை வரைதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. எக்செல், லிப்ரே ஒபிஸ் கல்க் முதலிய அட்டவணை மென்பொருள்களிற் கணக்கிடலாம். 'ஆர்' எனும் இலவச மென்பொருளில் ஆற்றுப்படம் வரையலாம். உயர்தரக் கணித மாணவரும் தகவல் தொழினுட்ப மாணவரும் கூடினால் இயலும் பணியே இது.

தந்தையர் யாவரும் ஒரே படியில் நின்றால்

படமிடுவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. பழைய இடாப்புக்களில் தந்தை தொழில் என்ற நிரலில் 'தொழிலாளி', 'தொழிலாளி' என ஒரே சொல்லே பக்கம் பக்கமாக வரும். நூற்றுக்கு எண்பதின்மர் ஒரே படியில் நின்றால் வரிசைப்படுத்துவது எங்ஙனம்?

இந்திய நாட்டை ஆராய்ந்த சாம் ஆஷர், போல் நோவோசாட், சார்லி ராஃப்கின் என்னும் மூவரும் இவ்விடரையே எதிர்கொண்டனர். அங்கே வருமானப் பதிவுகள் போதாமையால் கல்வியையே அளவுகோலாகக் கொண்டனர். பழைய தலைமுறைத் தந்தையருட் பாதிக்கு மேற்பட்டோர் பள்ளி சென்றிலர், அல்லது ஓரிரு ஆண்டே சென்றனர். அவர்களுள் யார் மேல், யார் கீழ் எனப் பிரித்தல் இயலாது. ஆகவே, கீழ்ப்பாதியிற் பிறந்த பிள்ளை சராசரியில் எப்படியை எய்துகின்றது எனக் கேட்டனர். முழு வாய்ப்பு நிலவின் விடை 50. வாய்ப்பே இல்லையெனின் 25. திட்டமான ஒரெண்ணைக் கூற இயலாவிடத்து, 'இதற்குக் குறையாது, இதற்கு மேற்படாது' என ஈரெல்லைகளைக் கூறினர். 2024இல் வெளியான அவ்வாய்வு, அட்டவணைச் சாதியினரின் வாய்ப்பு உயர்ந்து வந்ததையும், முஸ்லிம்களின் வாய்ப்புத் தாழ்ந்து வந்ததையும் காட்டிற்று. நாட்டுச் சராசரி அசையாதிருக்க, உள்ளே ஒரு சாரார் ஏறவும் ஒரு சாரார் இறங்கவும் கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வாய்வு பெரும்பாலும் தந்தையரையும் மைந்தரையும் பற்றியதே. மணமுடித்து வேறு வீடு புகுந்த பெண்ணை அவள் தந்தையோடு இணைக்கும் பதிவு அரிதாகலின் அவ்வாறாயிற்று. நம் இடாப்பிலும் தந்தை தொழிலுக்கு நிரலுண்டு. தாய் தொழிலுக்கு இல்லை. கொழுந்து கொய்து குடும்பத்தைத் தாங்கி, பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் பணம் தந்தவள் பெரும்பாலும் தாயே. எந்தாய் கூடையைச் சுமந்திராவிடின் இக்கட்டுரையை எழுதுதற்கு நான் இல்லை. அவள் தொழிலை எழுதாத கணக்கு அரைக்கணக்கேயாம்.

காலப்பகுதிகளைப் பிரித்து நோக்குதலும் வேண்டும். 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதனுட் சேர்க்கப்படவில்லை. 1970களிலேயே அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. அதற்கு முன்னர்க் கற்றோரையும் பின்னர்க் கற்றோரையும் ஒரே படத்தில் கலந்தால், பாடசாலை செய்த நன்மையும் தெரியாது. மறுத்ததால் நேர்ந்த தீங்கும் தெரியாது.

நாம் செய்யத்தக்கது

பழைய மாணவர் சங்கத்துக்கு என் விண்ணப்பம் இதுவே. கல்லூரியின் சேர்விடாப்புக்களை முதலிற் கரையானிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காத்துப் படம் பிடித்து வைத்தல் வேண்டும். பின்னர், பத்தாண்டுக்கு ஒரு வகுப்பைத் தெரிந்து, அவ்வகுப்பிற் சேர்ந்த ஒருவரையும் விடாது தொடர்தல் வேண்டும். ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியவை ஐந்து: சேர்ந்தபோது தந்தை செய்த தொழில், தாய் செய்த தொழில், அப்போது வாழ்ந்த இடம், கற்று முடித்த வகுப்பு, நாற்பது வயதிற் செய்த தொழில்.

புகழ்பெற்றோரைக் கண்டுபிடித்தல் எளிது. அவர் தாமே மடல் வரைவர். மடல் வரையாதவரைத் தேடுவதே பணியின் பெரும்பகுதி. தேடியும் காணப்பெறாதோரை 'அறியப்படாதோர்' என ஒரு தனி ஓடையாகவே படத்தில் வரைதல் வேண்டும். அவ்வோடையை மறைப்பின் நாமும் உச்சியில் நின்று எண்ணினோராவோம்.

ஒன்றிற் கண்டிப்பாயிருத்தல் வேண்டும். எவர் பெயரும் படத்தில் வருதல் கூடாது. வாய்ப்பு நிலப்படத்தை ஆக்கியோர், தனியாள் எவரும் வெளிப்படாதிருக்கும் பொருட்டு எண்களிற் சிறு மாறுதல்களை வேண்டுமென்றே கலந்தனர். நாமோ சிறிய ஊரார். 'ஒருவர்' என எழுதினால் அவர் யாரென ஊர் அறியும். ஆகவே பத்துப் பேருக்குக் குறைந்த பிரிவுகளை அடுத்ததோடு சேர்த்தே காட்டுதல் நன்று. தகப்பன் தொழிலைச் சொல்ல நாணுவோரை வற்புறுத்தலும் ஆகாது.

முடிவுரை

படம் எவரையும் ஏற்றுவதில்லை. ஏற்றுவன பாடசாலையும், ஆசிரியரும், காணியும், நியாயமான கூலியும், நல்ல நட்புமே. எனினும், எந்தப் படிக்கட்டு உடைந்துள்ளது என அறியாது செப்பனிட இயலாது. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் இடையே நம் பிள்ளைகள் மிகுதியாக உதிர்கின்றனரா, உயர்தரம் கடந்தபின் வேலையின்றித் தேங்குகின்றனரா என்ற வினாவுக்குக் கருத்துக்கள் பல உள, கணக்கு இல்லை. உபகாரப் பணத்தை எங்கே இடுவது எனச் சங்கம் ஆண்டுதோறும் விவாதிக்கின்றது. இப்படம் இருப்பின் அவ்விவாதம் சுருங்கும்.

இனியொரு மாலை, மற்றொரு லயத்தில், மற்றொரு தந்தையார் என்னிடம் அதே வினாவைக் கேட்பார். அப்போது புகழ்பெற்ற ஒருவரின் நிழற்படத்தைக் காட்ட நான் விரும்பவில்லை. "அவன் எங்கேயோ, நாங்கள் எங்கேயோ" என்றே அவர் சொல்வார். உங்கள் தோட்டத்திலிருந்து இக்கல்லூரிக்கு வந்தோர் இத்தனை பேர், ஏறினோர் இத்தனை பேர், ஏறாதோர் இத்தனை பேர், ஏறாமைக்குக் கண்ட காரணம் இது என்று, ஒன்றையும் மறைக்காத ஒரு தாளை அவர் கையிற் கொடுக்க விரும்புகின்றேன். அதனைப் பார்த்தபின் அவர் செய்யும் முடிவு எதுவாயினும் அது அறிந்து செய்த முடிவாகும்.

அத்தாளை ஆக்கித் தரும் ஆற்றல் இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் பழைய மாணவராகிய உங்களிடமே உள்ளது. முதலில் உங்கள் சொந்தக் கணக்கை, ஐந்தே வரிகளில், எழுதி அனுப்புக. கல்லூரித் தாய் நீடு வாழ்க.